இடது ஸ்பீக்கருக்குப் பின்னால்

ஜூன் 4, புதன்

லூப்பர் வந்துவிட்டது! சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி, மேலே காலால் மிதிக்க ஒரு குமிழ். ஒரு மிதி மிதித்தால் நான் வாசிப்பதைப் பதிவு செய்கிறது. இன்னொரு மிதியில் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்குகிறது. அதன்மேல் நான் வேறொன்று வாசிக்கலாம். அதுவும் உள்ளே போய்ச் சேர்ந்துகொள்ளும். அதன்மேல் இன்னொன்று.

தயாபரன் அண்ணாவின் மெல்லிசைக் குழுவில் எனக்கு இரண்டாம் வரிசை, மூன்றாவது நாற்காலி. பல வருஷமாக அதே நாற்காலி. பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறாரோ அதையேதான் என் வயலினும் வாசிக்க வேண்டும். கல்யாண மண்டபங்களில் யாரும் என்னைத் தனியாகக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இன்று காலை முழு வரிசையும் நானே. நான்கு பூங்கோதைகள் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். அதில் ஒருத்திக்குச் சுருதி சரியில்லை. சாம்பார் அடிப்பிடித்தது.

ஜூன் 5, வியாழன்

பதினோரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்தவர். கலைந்த தலை, சிவந்த கண்.

"தப்பா நினைக்கப்படாது. நான் ஆஸ்பத்திரியில நர்ஸாக்கும். ராத்திரி டூட்டி. பகல்லதான் ஒறங்கணும்."

"ஐயோ, தெரியாதுங்க. சத்தம் ரொம்ப வருதுங்களா?"

"சத்தம்னா பரவாயில்ல. எங்க வார்டுல இதைவிடச் சத்தம். ஆனா ஒரே எடம் திரும்பத் திரும்ப வருது பாத்துக்கிடுங்க. இப்ப அடுத்தது வரும், இப்ப வரும்னு காத்துக் கெடந்தே ஒறக்கம் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார், பாதித் தூக்கத்திலேயே. மாலை நான்கு மணிக்கு அவர் எழுந்துவிடுவாராம். அதற்கப்புறம் வாசித்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பெயர் ரெஜின். மார்த்தாண்டம் பக்கம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

ஜூன் 7, சனி

எதிரொலி தரும் பெடலை லூப்பருக்கு முன்னால் இணைத்துப் பார்த்தேன். நான் வாசிக்கிற ஒவ்வொரு சுரத்தையும் அது இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் மாற்றி மாற்றி எறியும். இடது ஸ்பீக்கர் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய அலமாரியில் இருக்கிறது. வலது, சமையலறை ஜன்னல் ஓரம். நடுவில் நின்றால் அறையே இரண்டு மடங்கு அகலமாகிவிடும்.

ஆனால் லூப்பர் திருப்பி வாசிக்கும்போது எல்லாம் நடுவில் வந்து நசுங்கிவிடுகிறது. மாலை முழுக்க கேபிளை மாற்றி மாற்றிக் குத்தியும் சரியாகவில்லை. ஹசீனாவுக்கு போன் செய்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து என் தோழி. பழைய மில் குடோனைக் கலையரங்கமாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே அவள்தான் ஒலி அமைப்பு.

"உன்ற லூப்பருக்கு ஒரு காதுதான்டி. ரெண்டு பக்கச் சத்தத்த அதுக்குள்ள அனுப்புனா ஒண்ணாக் கலந்துதான் தரும். அத விடு. ஜூலை பன்னெண்டு சனிக்கிழமை சாயங்காலம் எங்க அரங்கத்துல அரை மணி நேரம் காலியா இருக்குது. நீ வாசிக்கற."

"நான் தனியாவா? முடியாதுடி."

"போஸ்டருக்குப் பேர் குடுத்தாச்சு."

போனை வைத்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

விளையாட்டில்லை. போஸ்டரை அனுப்பியிருக்கிறாள். என் பெயரில் எழுத்துப்பிழை இல்லை, அதுவரை சந்தோஷம்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு காதுள்ள லூப்பர் இன்னொன்றும் இருந்தால் இரண்டு காதாகிவிடுமே என்று தோன்றியது. குழுவில் கிதார் வாசிப்பவரிடம் அதே மாதிரிப் பெட்டியை இரவல் வாங்கிவந்தேன். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் மிதிக்க வேண்டும்.

மிதித்தேன். குதித்தேன் என்பதுதான் சரி. முதல் சுற்று பிரமாதம். கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் ஒரு மயிரிழை பின்தங்கியது. அப்புறம் ஒரு விரற்கடை. கடைசியில் இடது பக்கம் பாட்டை முடித்துவிட்டு வலது பக்கத்துக்காகக் காத்திருப்பது போல் ஆகிவிட்டது. மறுபடி குதித்தேன், மறுபடி அதே கதை. கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்து, "கோதை, ஸ்கிப்பிங் ஆடறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 14, சனி

ஹசீனா வண்டியில் வந்து இறங்கினாள். கையில் பெரிய லூப்பர். உள்ளே போக இரண்டு வழி, வெளியே வர இரண்டு வழி. இடதும் வலதும் கலக்காமல் தனித்தனியாகச் சுற்றும், ஆனால் ஒரே மிதிக்குக் கட்டுப்படும்.

"எதிரொலிக்குப் பின்னாடி, எல்லாத்துக்கும் கடைசியா வெய்யி. எது எந்தப் பக்கம் போச்சோ அப்படியே புடிச்சுக்கும்" என்றாள்.

இன்னொரு வித்தையும் காட்டிக்கொடுத்தாள். நரம்பை விரலால் சுண்டுவதை இடது ஓரத்திலும், வில்லை நீளமாக இழுப்பதை வலது ஓரத்திலும் தள்ளிவைத்தால், நடுவில் மெட்டுக்கு இடம் கிடைக்கிறது. செய்து பார்த்தேன். இடது பக்கம் யாரோ குதித்துக் குதித்து நடக்கிறார்கள். வலது பக்கம் யாரோ நிதானமாகப் பேசுகிறார்கள். நடுவில் நான்.

ஹசீனா போனதுகூடத் தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

ஜூன் 18, புதன்

இரண்டு நாள் பொள்ளாச்சியில் அம்மாவோடு இருந்துவிட்டு இன்று மாலைதான் திரும்பினேன். பூட்டைத் திறக்கும்போதே ரெஜின் வெளியே வந்துவிட்டார்.

"சுகம்தானா? ரெண்டு நாளா அந்தப் பக்கம் சத்தமே இல்ல. காய்ச்சலோ என்னமோன்னு நெனச்சேன்."

"ஊருக்குப் போயிருந்தேனுங்க. நிம்மதியாத் தூங்கியிருப்பீங்க."

"எங்க? ஒறக்கம் முழிச்சா ஒரு மாதிரி இருக்கு. இப்ப அந்தப் புதுப் பாட்டு எனக்கு மனப்பாடமாக்கும்" என்று சொல்லி, கையால் கதவில் தாளம் போட்டு முனகிக் காட்டினார்.

டுக் டுக் டுடுக், டுக். அவ்வளவுதான். திரும்பவும் அதே. நரம்பைச் சுண்டுகிற பகுதி மட்டும்.

"மீதி எங்கீங்க?"

"மீதியா? இவ்வளவுதானே பாட்டு?"

அப்போதுதான் புரிந்தது. இடது ஸ்பீக்கர் அவருடைய சுவரோடு ஒட்டி நிற்கிறது. வலது பக்கம் வாசித்த ஒன்றுகூட அந்தச் சுவரைத் தாண்டியிருக்காது. பாவம், வெறும் டுக் டுக்கைக் கேட்டுவிட்டா இந்த மனிதர் மனப்பாடம் செய்தார்!

உள்ளே கூப்பிட்டு நாற்காலியை நடுவில் போட்டு உட்கார வைத்தேன். முதலில் நரம்பைச் சுண்டும் பகுதி. "இதுதான், இதுதான்" என்று தலையாட்டினார். வலது பக்கம் வில் இழுப்பு தொடங்கியதும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு இடது. பிறகு வலது. பூப்பந்து ஆட்டம் பார்ப்பவர் போல. முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இதுல நான் பாதியில்லா கேட்டுக் கெடந்திருக்கேன்" என்றார்.

இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். எனக்கும் வேண்டியிருந்தது, அதனால்தான்.

ஜூன் 20, வெள்ளி

தயாபரன் அண்ணா கூப்பிட்டார். துபாய், மஸ்கட், தோஹா. பெரிய நிகழ்ச்சிகள். ஜூலை பத்தாம் தேதி விமானம். "உன் நாற்காலி உனக்குத்தாம்மா" என்றார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்துவைக்கச் சொன்னார். பன்னிரண்டாம் தேதி எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவுக்குச் சொன்னேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. இதற்குள் பெரியம்மா வீடுவரை செய்தி போயிருக்கும்.

ஜூன் 23, திங்கள்

ரெஜின் தினமும் டூட்டிக்குப் போகுமுன் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். இன்று வீட்டிலிருந்து வந்த அச்சு முறுக்கு கொண்டுவந்தார். கையில் அச்சு முறுக்கோடு இப்படிச் சொன்னார்:

"ஒண்ணு சொன்னா கோவப்படப்படாது. நீங்க ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிக்கிட்டே போறீங்க. கடைசியில ஆளு நொழைய எடமில்ல."

"உங்களுக்கு சங்கீதம் தெரியுங்களா?"

"தெரியாது. மூச்சு முட்டினா தெரியும்."

கோபம் வந்தது. அவருக்கு என்ன தெரியும்! முறுக்கு மட்டும் நன்றாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஆறு அடுக்கு இருந்ததை மூன்றாகக் குறைத்தேன். இன்னும் நன்றாக இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. கேட்டதும் அவரே சிரித்துக்கொண்டார், அதனால் அவர் டீயில் இஞ்சி போடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஒன்றாம் தேதியிலிருந்து ரெஜினைப் பகல் டூட்டிக்கு மாற்றிவிட்டார்களாம். காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவார். நல்லதுதான். மனிதன் என்றால் பகலில் விழித்திருக்க வேண்டும்.

ஜூன் 28, சனி

இன்று வாசிக்கவில்லை. கேபிள்களைத் துடைத்துச் சுருட்டிவைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

வாசிப்பு நேரத்தை ஏழு மணிக்கு மேல் மாற்றிக்கொண்டேன். மாலையில்தான் தெரு அமைதியாக இருக்கிறது. பானிபூரி வண்டியின் மணி, முனைக்கோயில் ஒலிபெருக்கி, பையன்களின் கிரிக்கெட், இவற்றைக் கழித்துவிட்டால் அமைதிதான்.

ஏழே காலுக்குக் கதவு தட்டப்பட்டது. சீருடையைக்கூட மாற்றவில்லை. "முழுசா கேக்கலாமா?" என்றார்.

ஜூலை 3, வியாழன்

இன்று தயாபரன் அண்ணாவிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, நான் வரலீங்க. பன்னெண்டாந் தேதி எனக்கு ஒரு கச்சேரி இருக்குதுங்க."

"யார் குழுவுல?"

"என்னோடதுங்க."

"எத்தனை பேரு?"

"நான் மட்டும்தானுங்க."

பக்கத்தில் யாரிடமோ தேதியைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன் கோதை. அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார். அவர் மேல் தப்பில்லை. சரிங்க அண்ணா என்றேன்.  போனை வைத்துவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

அம்மாவிடம் சொன்னதுதான் கஷ்டம்.

"ஏங்கண்ணு, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? ஏரோப்ளேன்ல கூட்டிட்டுப் போறேங்கறாங்க. நீ மில்லு குடோன்ல வாசிக்கறேங்கற."

"நீங்க வந்து கேளுங்கம்மா."

"நான் எதுக்கு வாரேன்? வரமாட்டேன் போ."

ஜூலை 5, சனி

அம்மா பேசவில்லை. நானும். தயிர் புளித்துவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா கூப்பிட்டார். அந்தக் குடோனுக்குப் பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து எங்கே இறங்க வேண்டும் என்று, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஜூலை 11, வெள்ளி

அரங்கத்தில் ஒலிச் சோதனை. முதல் சுற்றிலேயே சிக்கல். எல்லாம் நடுவில் நசுங்கிக் கேட்டது. ஹசீனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இங்கே பெரும்பாலும் கூட்டங்கள், பேச்சுகள் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே ஒலியை அனுப்பும்படி கட்டிவைத்திருக்கிறாள். அவிழ்த்து மாற்றினாள். இடதும் வலதும் பிரிந்தன.

அடுத்த சிக்கல் நாற்காலிகள். ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கம்தான் கேட்கிறது. எல்லா நாற்காலிகளையும் நடுவுக்கு இழுத்து, மேடையை ஒட்டிப் போட்டோம். முதல் வரிசை என் பெடல்களிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம்.

"இவ்வளவு பக்கத்துல மூஞ்சியப் பாத்துட்டு எப்படிடி வாசிக்கறது?"

"கண்ண மூடிக்க."

ஜூலை 13, ஞாயிறு

நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன். நேற்று எழுதியிருந்தால் பேனா ஆடியிருக்கும்.

ஆறு மணிக்கு வயலினைச் செருகினால் சத்தமே இல்லை. வயலினின் ஒலியைக் கம்பிக்குள் அனுப்பும் பிக்கப் என்ற சின்னத் துண்டு செத்துவிட்டது. கூட்டம் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. ஹசீனா ஓடிப்போய் ஒரு மைக்கை எடுத்துவந்து வயலினுக்கு எதிரே நிறுத்தினாள். "இது சுத்தி நடக்கறதையும் சேத்து வாங்கும். எல்லாரையும் இருமாம உக்காரச் சொல்லு" என்றாள்.

முதல் வரிசையில் அம்மா. மாம்பழ நிறப் பட்டு. கல்யாணத்துக்கு வந்தது போல. அவருக்குப் பின்னால், டூட்டியை யாரிடமோ மாற்றிக்கொண்டு வந்த ரெஜின், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். பொத்தான்கள் எல்லாம் சரியாக இருந்தன.

கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். நரம்பைச் சுண்டத் தொடங்கினேன். கை ஓடியது. நன்றாகத்தான் ஓடியது. சுற்றை முடித்து மிதிக்கக் காலைத் தூக்குகிறேன், அம்மா தும்மினார்.

அம்மாவின் தும்மலை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் தெருவில் அதைக் கேட்டு நாய்கள் எழுந்து நின்றிருக்கின்றன. மைக் அதை முழுசாக விழுங்கியது. எதிரொலிப் பெடல் அதை இடது பக்கம் எறிந்தது, வலது பக்கம் எறிந்தது, மறுபடி இடது. என் கால் இறங்கியது. சுற்று பூட்டிக்கொண்டது.

டுக் டுக் டுடுக், டுக். ஹ்ஹ்அச்சு!

 இரண்டாம் முறையும் வந்தது. லூப்பர் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. அம்மா உரக்க, "அய்யய்யோ, அது என்னுதுங்களா!" என்றார். அதுவும் உள்ளே போயிற்று.

டுக் டுக் டுடுக், டுக். ஹ்ஹ்அச்சு! அய்யய்யோ, அது என்னுதுங்களா!

பின்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். பிறகு எல்லாரும். ஹசீனா கடைசியில் நின்று கையை வெட்டிக் காட்டினாள்: அழி, புதுசாத் தொடங்கு. கடைசி அடுக்கை மட்டும் நீக்கலாம்தான். ஆனால் தும்மல் முதல் அடுக்கிலேயே இருக்கிறது. அழித்தால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். காலை மிதிமேல் வைத்தேன். ஒரு நொடி அழுத்தினால் போதும்.

அம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடியிருந்தார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, அடக்க முடியாமல், எனக்குத் தெரிந்தவரை அப்பா போனபின் இப்படிச் சிரித்ததே இல்லை.

பதிவை மட்டும் நிறுத்தினேன். அழிக்கவில்லை. அடுத்த தும்மல் வந்ததும் வில்லால் ஒரு பதில் சொன்னேன். அதற்கடுத்ததற்கு வேறொரு பதில். ஒருமுறை கோபமாக, ஒருமுறை கொஞ்சலாக, ஒருமுறை நானும் தும்முவது போல. கூட்டம் ஒவ்வொரு முறையும் தும்மலுக்காகக் காத்திருந்தது. வலது பக்கம் நீளமான வில்லைச் சேர்த்தபோது அந்தத் தும்மல் அதற்குள் ஒரு தாளம் போலவே உட்கார்ந்துகொண்டது. சிரித்தவர்கள் கைதட்டினார்கள், தாளம் தப்பாமல். நான் கண்ணைத் திறந்தே வாசித்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து சுற்றை நிறுத்தினேன். எதிரொலியும் இல்லை, அடுக்கும் இல்லை. ஒற்றை வயலின். இதை ஒத்திகையில் வைத்திருக்கவில்லை. அந்த மெட்டை ஒருமுறை, ஒரே முறை, தனியாக வாசித்தேன். எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். அது என் வயலின்தான்.

முடிந்ததும் அம்மாவைச் சுற்றித்தான் கூட்டம். "நானும்தானுங்க வாசிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கல்லூரிப் பெண் அவரோடு படம் எடுத்துக்கொண்டாள். ஹசீனா அடுத்த மாதம் ஒரு மணி நேரம் வேண்டுமென்றாள். சரி என்று நானே சொன்னேன். போஸ்டர் அச்சாகுமுன்.

ரெஜின் அம்மாவை பைக்கில் பஸ் ஏற்றிவிடப் போனார். பட்டுச்சேலையோடு அம்மா பைக்கில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். இதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஜூலை 16, புதன்

அம்மா போன்.

"அந்தத் தம்பி ரொம்ப மருவாதிங் கண்ணு. பஸ் கெளம்பற வரைக்கும் நின்னுட்டிருந்தாரு. ஏன், ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போவாரா?"

"போவாருன்னு நெனைக்கறேன். எதுக்கும்மா?"

"போவாருன்னா, போயிட்டு மத்தியானத்துக்கு மேல வரச் சொல்லு. உன்னையுந்தான். கறிக்கொழம்பு வெக்கறேன்."

"அம்மா, நீங்க என்ன நெனச்சுட்டிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் நெனைக்கலியே. நீ என்ன நெனச்சுட்டிருக்கற?"

போனை வைத்துவிட்டேன். சார்ஜ் இல்லை. அறுபது சதவீதம்தான் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் ரெஜின், மடியில் அம்மாவுக்கு வாங்கிய ஆப்பிள். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் அவர் என்னவோ கேட்டார். அதே நேரம் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"என்னங்க?" என்றேன்.

மறுபடி கேட்டார். இந்த முறை ஹாரன் இல்லை. தெளிவாகவே கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

"சரியா விழலீங்க" என்றேன்.

பாவம், ஆப்பிள் பையை இறுகப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையும் கேட்டார், கொஞ்சம் உரக்க. கொஞ்சம் அதிகமாகவே உரக்க. முன் சீட்டு அம்மாள் முழுசாகத் திரும்பிவிட்டார். கையில் ஒரு கட்டுக் கொத்தமல்லி.

"பதிலச் சொல்லும்மா. கிணத்துக்கடவு வந்துருச்சு. நான் எறங்கணும்."

சொன்னேன்.